கழுவிய கற்கள்

யஹ்யாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஆஸ்பத்திரி இருக்கிற கலேவெலைக்கு ஜீப் ஓடுகிற மாதிரி ஊருக்கு ஒரு றோட்டு வரவேண்டும். மூத்த பிள்ளை மாட்டுவண்டியிலேயே பிறந்து, வண்டியிலேயே கண்ணை மூடியது. இப்போது பெண்சாதி நூருன்னிஸாவுக்கு மறுபடியும் ஐந்து மாதம்.

அந்த அறுபத்து மூன்றாம் வருடம்தான், காடு வெட்டி விதைக்கும் அவன் சேனைக்கு மேலே பச்சை படிந்த பாறை தட்டுப்பட்டு, செம்பு தேட ஆட்கள் வந்தார்கள். செம்பு இருந்தால் சுரங்கம். சுரங்கம் வந்தால் றோட்டு. யஹ்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொழும்பிலிருந்து வந்த நடராஜா ஐயா, மாதிரி எடுக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார். பாறையில் தோண்டிய குழியின் சுவரை மேலிருந்து கீழே ஒரே அகலத்தில் கொத்தவேண்டும். நல்லது கெட்டது பாராமல் விழுந்ததெல்லாம் பைக்குள் போகவேண்டும். மனுசன் ஒரு கல்லை ஒளிக்கவுமில்லை, ஒரு கல்லைக் கூட்டவுமில்லை. இரண்டு கிழமையில் முப்பது பை கட்டினான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வண்டி போகமுடியாமல் பைகள் நாலு நாள் வீட்டில் கிடந்து சேறு கசிந்தன. கொழும்புக்குப் போகிற சாமானை இப்படியா அனுப்புவது? நூருன்னிஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓயா ஆற்றங்கரையில் குந்தி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, இலக்கம் மாறாமல் அதனதன் பையிலேயே போட்டாள். யஹ்யாவும் பார்த்துச் சந்தோஷப்பட்டான். கெடுகாலம் வந்தால் கெட்டிக்காரத்தனமும் காலை வாரும்.

இரண்டு மாதம் கழித்துக் கூடாரம் பிரிக்க வந்த ஐயா, எடுக்கிற அளவுக்குச் செம்பு இல்லையாம் என்றார். மிஞ்சிக் கிடந்த ஒரு பையை அவிழ்த்துத் துழாவியவரின் முகம் மாறியது.

“தூள் எங்க? ஆர் இதைக் கழுவினது?”

யஹ்யா முன்னால் வந்தான். “நான்தான் ஐயா.”

“அந்தப் பச்சைத் தூளிலதானே செம்பு இருந்திருக்கும்.” அவர் அங்கேயே குந்திவிட்டார். “அறிக்கை மேல போயிட்டுது. இனி ஒருத்தரும் திரும்பி வரமாட்டினம்.”

வீட்டில் நூருன்னிஸா ஆவலோடு நின்றாள். “ஐயா கல்லப் பாத்தாரா? என்ன சென்னாரு?”

“இவ்வளவு சுத்தமா ஒருத்தரும் அனுப்பினதில்லையாம். திரும்பி வருவாங்களாம்.”

அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் வெளியே போய்விட்டான்.

அடுத்த மாதம் வலி கண்டது. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, “அடுத்த புள்ளக்கி றோட்டு வந்திரும்” என்று இவனுக்கே ஆறுதல் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கல்லைக் கழுவி ஊரைக் கெடுத்தவன் என்று யஹ்யாவை எல்லாரும் ஏசினார்கள். ஒரு நாளும் அவன் மறுத்துப் பேசவில்லை.