படத்தின் ஓரத்தில் இருந்த கால்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டுவது என் வேலை. கீறலும் தழும்பும் உள்ள இடத்தை ஒதுக்கிவிட்டு நல்ல இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். அறையில் தனியாக இருப்பவன் என்பதால் சனி இரவே பஸ் ஏறி, ஞாயிறானால் பறவைகளைப் படமெடுக்கக் கேமராவோடு பழவேற்காடு ஏரிக்குப் போய்விடுவேன்.

மூன்று வருடம் தேடிய கரண்டிமூக்கு உள்ளான் என்ற அரிய பறவை அன்று கரைச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். நான் நெருங்க நெருங்க விலகிப் போனது. அங்கே நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர், "அசையாத தம்பி. நான் அந்தாண்ட போய் நிக்கிறேன், அது தானா உன் பக்கம் வரும்" என்றார்.

முழங்கால் சேற்றில், உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். பறவை வந்தது.

படத்தின் ஓரத்தில் அவர் கால்கள் விழுந்திருந்தன. திரும்பும்போது படத்தைப் போனில் ஏற்றி, பஸ்ஸிலேயே அவற்றை வெட்டிவிட்டேன்.

மறுநாள் கேன்டீனில் படத்தைப் பார்த்த சூப்பர்வைசர் பாய் கேட்டார். "எங்ககூட டீ குடிக்கக்கூட வரமாட்ட. அங்கயும் தனியாதான் போனியா?"

"ஆமா பாய், தனியாதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சேற்றில் நின்றவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வெட்டாத படம் கேமராவில் இருக்கிறது. இப்போதெல்லாம் அதில் பறவையைப் பார்ப்பதில்லை. எனக்கு யாருமில்லை என்று சொல்லிக்கொண்டே இதுவரை எத்தனை பேரை வெட்டினேனோ.