ஏழு தடவை நின்ற அலாரம்

இது கட்டுக்கதை என்று யாருக்காவது தோன்றினால், சிதம்பரம் கனகசபை நகரில் ஆரோக்கிய ஜெகனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய் அவனிடமே சொல்லிப் பாருங்கள். பட்டப்பகலில் நடந்த விஷயம். பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் அவன். இப்போது சிரிப்பதில்லை.

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் பேக்டரி. அம்மோனியா கசிந்தால் அலாரம் அடிக்கும் புரோகிராம் ஒன்று அங்கே இருந்தது. அது பழைய விண்டோஸில்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டரோ இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே காப்பி எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக, ஓட வைக்கும் வேலை ஜெகனுக்கு வந்தது. திங்கட்கிழமை மாட்டிவிட வேண்டும். பதினோரு பேர் வேலை செய்யும் இடம். அலாரம் பிசகினால் உயிர் போகும்.

வெள்ளிக்கிழமை. திரையில் காலை 11:52. அலாரம் அலறியது. சென்சார் ஒயர் மாட்டாததால் அடிக்கிறது என்று நினைத்தான். ஆனால் 11:53க்குத் தானாகவே நின்றது. கூடவே எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம். பேரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் அந்த அலாரம் நிற்கும். அதுதான் உதைத்தது.

"ஜூலி, நீ கீபோர்ட தொட்டியா?"

"பிரிண்டர கழட்டிட்டு இருக்கேங்க. கையெல்லாம் இங்க்கு," என்றாள் அவன் மனைவி. சத்தம் பிரிண்டருடையதாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அலாரம் அடித்ததும் நின்றதும் குறித்திருக்கும் பதிவைத் திறந்தான். நிறுத்தியவர்: உத்திராபதி. தேதி: 14-03-2019. கடிகாரம் பின்னால் ஓடியிருந்தது. விர்ச்சுவல் மெஷினில் இது சகஜம்தான். சரிசெய்தான். உடனே மறுபடி அதே தேதி. 11:52. அலறல். 11:53. உத்திராபதி. டங்.

யாரோ விளையாடுகிறார்கள். சந்தேகம் பேக்டரி மேனேஜர் பொன்னுரங்கத்தின் மேல் விழுந்தது. டிஸ்கைக் கொடுக்கும்போதே "பழைய பதிவெல்லாம் பாக்காத தம்பி" என்று இரண்டு தடவை சொன்ன ஆள். வெளியிலிருந்து நெட் வழியாக நுழைகிறாரோ? கேபிளைப் பிடுங்கினான். வைஃபையை அணைத்தான். உத்திராபதி என்ற பேரையே புரோகிராமிலிருந்து அழித்தான்.

அலறல். நின்றது. உத்திராபதி. டங்.

கீபோர்டையும் மவுசையும் கழற்றினான். கடிகாரம் தானாக 11:52க்குத் திரும்பியது...

டங்.

ஸ்பீக்கரைப் பிடுங்கினான். அலாரம் ஊமையானது. திரையில் மட்டும் சிவப்பு மின்னியது. அணைந்தது.

டங்.

ஜூலி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க... சத்தம் நம்ம பின்கதவுல கேக்குது."

இரும்புக் கதவு. பின்னால் வெறும் சுவர்ச் சந்து. போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. திரையில் மறுபடி சிவப்பு மின்னி அணைந்தது. டங்.

டங்...

கடைசியாக ஒன்று. ரொம்ப மெதுவாக. அப்புறம் வரவில்லை.

பதிவில் ஏழு வரிகள். ஏழும் உத்திராபதி.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டான்.

"உத்திராபதி யாருண்ணே?"

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆபரேட்டரு. 2019 மார்ச் பதினாலாம் தேதி கம்ப்ரசர் ரூம்ல கேஸ் லீக்காகி செத்துட்டாரு. அலாரத்த அவரே நிறுத்திட்டு உள்ள போயிட்டாருன்னு எழுதி முடிச்சாங்க."

"கம்ப்யூட்டரு வெளிய ஆபீஸ்ல இருக்கு. அவரு உள்ள இருந்தப்ப திரும்பத் திரும்ப நிறுத்துனது யாரு?"

"சும்மா சும்மா அடிக்கும் தம்பி... அவரு பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். நான்தான்..."

போன் கட்டானது.

திங்கட்கிழமை ஜெகன் கடலூர் போனான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்து, இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொன்னான். பொன்னுரங்கம் அன்று லீவு. புது சென்சாரை மாட்டக் கம்ப்ரசர் ரூமுக்குள் போனவன், கதவின் உட்பக்கத்தைப் பார்த்தான். சாத்தினால் தானே விழும் தாழ்ப்பாள், வெளியே மட்டும் உள்ள இரும்புக் கதவு. புதுப் பெயிண்டுக்குக் கீழே, ஸ்பேனரால் அடித்த பள்ளங்கள் தெரிந்தன.

எண்ணினான். ஏழு. ஆறு நெஞ்சு உயரத்தில் இருந்தன.

ஏழாவது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.