சலூன்காரரின் வலது கை

சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் சலூன்காரருக்குக் கதை பிறக்கும். நாற்காலியில் இருப்பவர் சிரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வாரம் தவறாமல் வரும் இதய டாக்டருக்கும் அதே கதிதான். "ஆடாதீங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல, தொண்டை உங்களோடது" என்பார்.

கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் சலூன்காரருக்கு மார்பு இறுகியது. வாயு என்று வீட்டில் மழுப்பினார். மனைவி விடுவாரா? அதே டாக்டர் முன்னால் இழுத்துப்போய் உட்காரவைத்துவிட்டார்.

"ஆஞ்சியோ பார்த்துடலாம்" என்றார் டாக்டர். "மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு குழாய் இதயம் வரைக்கும் போகும். அதுல மருந்தை விட்டு எக்ஸ்ரேல பார்த்தா அடைப்பு எங்கேன்னு தெரிஞ்சுடும்."

"எந்தக் கை?"

"வலது கை."

சலூன்காரர் எழுந்துவிட்டார். கத்தி பிடிக்கும் கை அது. துளி நடுக்கம் வந்தாலும் அப்புறம் எந்தக் கழுத்து அவரை நம்பும்? "வாயுதான் டாக்டர். இப்ப சரியாயிடுச்சு."

"உக்காருங்க" என்றார் மனைவி. "வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல. அந்தக் கைக்கு ராஜமரியாதை வேற."

"அப்ப இடது கையில பண்ணுங்க."

"இடது பக்கம்னா உங்க மேல சாஞ்சுகிட்டே வேலை பார்க்கணும். என் முதுகு போயிடும்" என்றார் டாக்டர்.

"காலமெல்லாம் உங்க தலைக்கு நான் குனிஞ்சு நிக்கிறேன். ஒரு நாள் நீங்க குனிஞ்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

ஆஞ்சியோ அன்று டாக்டர் குனிந்தார். ஊசி போட்டதும் இடது மணிக்கட்டு மரத்தது, வாய் மரக்கவில்லை. படுத்தபடியே சலூன்காரர் ஒரு கதையை ஆரம்பித்தார்.

"ஆடாதீங்க" என்றார் டாக்டர். "எனக்கு ஒண்ணுமில்ல, இதயம் உங்களோடது."

சலூன்காரர் பாதிக்கதையில் நிறுத்தியது அன்றுதான்.

திரையில் மருந்து கிளைகிளையாய்ப் பரவியது. ஒரு ரத்தக்குழாய் மட்டும் நடுவில் நூலாய் இளைத்திருந்தது. அந்த இடத்தை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

"முடிஞ்சுது."

"காட்டுங்க. பின்மண்டைக்குக் கண்ணாடி பிடிக்காம உங்களை என்னைக்காவது அனுப்பியிருக்கேனா?"

டாக்டர் திரையைத் திருப்பினார். சலூன்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ம். ஓரம் ஒழுங்கா வந்திருக்கு."

அவர் மறுபடி கடை திறந்ததும் முதலில் வந்து உட்கார்ந்தது டாக்டர்தான். "கை பழையபடி இருக்கா?"

கத்தி கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மயிரிழை பிசகவில்லை. டாக்டரின் கழுத்துதான் விறைத்துக்கொண்டது.

"கைக்கு ஒண்ணுமில்ல" என்றார் சலூன்காரர். "நீங்க ஆடினா இடது கைக்கு மாத்திடுவேன்."