முதலில் அம்மாவிடம்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி மாத மழையில், எங்கள் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். காலில் பட்ட புண் அழுகிப்போய், இரண்டு விரல்களை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

நான் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்பவன். எனக்கு எல்லாமே அவசரம். வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா கட்டிலைவிட்டு இறங்கி தோட்டத்து லயத்து வீட்டுக்கே நடந்துவிடுவார் என்ற பயம் வேறு. "புண்ணைக் கழுவப் போறாங்கம்மா, அவ்ளோதான்" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து மை பூசி, சம்மதப் பத்திரத்தில் நானே அழுத்தப் போனேன். தோட்டத்தில் எந்தக் கடுதாசியை நீட்டினாலும் கைநாட்டு வைத்துத்தானே எங்களுக்குப் பழக்கம்!

வார்டில் இருந்த தாதி சட்டென்று பத்திரத்தை இழுத்துக்கொண்டார். சிங்களப் பெண். எனக்கு வந்ததே கோபம்! நான் சிங்களத்தில் சத்தம் போட, அவர் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாக, "கால் அம்மாவோடது. அம்மாவுக்குச் சொல்லணும்" என்றார்.

கட்டிலோரம் உட்கார்ந்து, தாளில் பாதத்தை வரைந்து, எடுக்கவேண்டிய இரண்டு சின்ன விரல்களில் கோடு போட்டுக் காட்டினார். அம்மா அழவில்லை, இறங்கி ஓடவுமில்லை. "பெருவிரலு தப்புமா மிஸ்? மலையில ஏறுறப்ப அதுதானே புடிமானம்" என்று கேட்டார். பெற்ற மகன் எனக்கு இது தெரியாது. தாதி போய் டாக்டரையே கூட்டிவந்தார். காப்பாற்றப் பார்ப்போம், அழுகல் பரவியிருந்தால் அதையும் எடுக்க நேரலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னதை, தாதி தமிழில் சொன்னார்.

அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். "எடுக்கணும்னா எடுங்க. ஆனா என்னாச்சுன்னு மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். இவன்கிட்ட இல்ல." பிறகு தானே கைநாட்டு வைத்தார்.

மறுநாள் ஒப்பரேசன் முடிந்ததும் தாதியை மறித்துக் கெஞ்சிப் பார்த்தேன். மூச்! "அம்மா முழிக்கட்டும்" என்பதோடு சரி. தன் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலருகே காத்திருந்தார். அம்மா கண் திறந்ததும் தாதி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அம்மாதான் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, "டேய், பெருவிரலு தப்பிச்சிருச்சுடா" என்றார்.

இப்போதும் கிளினிக்கில் டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், நான் வாயை மூடிக்கொண்டு அம்மா பக்கம் கையைக் காட்டுகிறேன். பாசம் இருந்தால் போதும் என்றிருந்த எனக்கு, மரியாதையும் வேண்டும் என்று காட்டிய அந்தத் தாதியை நினைக்காமல் ஒருநாளும் அங்கிருந்து திரும்பியதில்லை.