ஜோடியில் ஒன்று

குடியாத்தம் பஸ் நிலையத்தில் இடம் பிடிக்க யாராவது ஜன்னல் வழியாகப் பையை வீசினால், அக்சா சீட்டைப் பார்க்க மாட்டார். பை போகும் வளைவைத்தான் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வீசியிருக்கணும்" என்பார். அதற்குள் இடம் போயிருக்கும். ஆம்பூர் வரை நின்றுகொண்டே வருவார், அதே பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகும் எனக்குத் துணையாக.

முப்பது தாண்டியவர். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. இடது ஷூவில் கீறல் இருந்தால், குறையில்லாத வலதும் சேர்ந்தே ஒதுக்கப்படும். ஒரே தோலில் வெட்டிய ஜோடியைப் பிரிக்கக் கூடாது. "ஒண்ணு போச்சுன்னா ரெண்டும் போச்சு" என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்வதே அவர்தான். பேசும்போதும் விரல்கள் தையலைத் தேடும். என் கைப்பையைக்கூட விட்டுவைத்ததில்லை.

பி.எஸ்சி. இயற்பியலில் ஒரே ஓர் அரியர். அதை முடித்தால், படித்த பள்ளியிலேயே ஆய்வக வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பதினைந்து மீட்டர் உயர மாடியிலிருந்து, நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து எப்போது தரையைத் தொடும்? இருபடிச் சமன்பாடு போட்டார். விடை இரண்டு வந்தது: மூன்று, மைனஸ் ஒன்று. எறிவதற்கு முன்பே பந்து எப்படி விழும்? குறையைக் கண் கண்டதும் கை இரண்டு விடைகளையும் அடித்துவிட்டது. சரியான மூன்றும் அதோடு போயிற்று.

கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. பந்து எப்போது கையை விட்டது என்பது பாவம் சமன்பாட்டுக்குத் தெரியாது. எறிந்தவர்தான் பார்த்து எடுக்க வேண்டும். இந்த முறைதான் கடைசி வாய்ப்பு என்றார். "இதுவும் போச்சுன்னா எனக்கு செக்கிங்தான்."

பரீட்சைக்கு மறுநாள் அதிசயமாக இருவருக்கும் சீட் கிடைத்தது. அவர் முகம் சரியில்லை. அதே மாதிரிக் கணக்குதான் வந்ததாம், எண்கள் மட்டும் வேறு. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: நான்கு, மைனஸ் இரண்டு. இரண்டு விடைகளின் மேலும் கோடு போட்டார்.

"மறுபடியும் கை ரெண்டையும் அடிச்சிடுச்சுக்கா."

அவர் கையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"சார் பேப்பர் வாங்க வரச்சொல்லோதான் பார்த்தேன்" என்றார். பேப்பரில் கடைசி நிமிஷம் எழுதியதுபோலவே, கோடுகளுக்குக் கீழே நான்கை மட்டும் மறுபடி எழுதினார். அது அழிந்துவிடாதபடி விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.