கறுக்காத திராட்சை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடும் நான், சுவிஸ் மலைநாட்டு ஹிம்பெர்ச்சா என்ற அபூர்வக் கொடியைப் பார்க்கப் பாறசாலை வந்திருக்கிறேன். கொடி பட்டுப்போயிருக்குமோ என்று வழியெல்லாம் ஒரே பதற்றம். சுவிஸில் நர்ஸாக இருக்கும் எஸ்தர் அக்காவின் மகள் கொண்டுவந்ததாம். பந்தலடியில் அக்கா வெட்டுக்கத்தியோடு நிற்கிறார்.

"சர்ச்சுல திருவிருந்துக்கு ரசம் எடுக்கத்தான் வச்சேன். ஒரு பழமும் கறுக்கல்ல. காக்காதான் வந்து கொத்துது. வெட்டப் போறேன்."

"கறுக்காதுக்கா, இது வெள்ளைத் திராட்சை."

பழுத்துவிட்டதா என்று எனக்கும் நிச்சயமில்லை. பயந்துகொண்டே ஒன்றைப் பிய்த்து வாயில் போடுகிறேன். முதலில் எலுமிச்சைப் புளிப்பு, பின்னாலேயே தேன். அக்காவுக்கும் ஒன்று கொடுக்கிறேன்.

"ஏசுவே, பழுத்தாச்சா? காக்காய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல்லியே."

கத்தியை என்னிடம் நீட்டுகிறார்.

"நட்டு வளக்க எத்தர கம்பு வேணும் மக்கா? நீயே வெட்டிக்கோ."