அம்மாவின் மூச்சில் இறங்கிய தீர்த்தம்

என்னைப் போலவே ஆண்டவரை நம்பும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். போன தவக்காலத்தில் என் அம்மாவை முக்கால்வாசி கொன்றது வலிப்பு அல்ல, ஜெபக் கூட்டம்.

அம்மாவுக்கு ஏழு வருடமாக வலிப்பு. மூளையில் மின்னலைகள் தாறுமாறாக எழும்புவதைத் தாளில் கோடுகோடாக டாக்டர் காட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மாவுக்கு அதை விளக்கியதும் நான்தான். தினம் இரண்டு மாத்திரை. மூன்று வருடம் வலிப்பே வரவில்லை.

நாங்கள் இருக்கும் சாரம் பகுதியில் எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தை நடத்தும் ரெஜினா அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "மாத்திரய நம்புறியா, மாதாவ நம்புறியா? ஒருசந்தி நோன்புல அதயும் வுட்டுடு" என்றிருக்கிறார். அம்மா சோற்றோடு மாத்திரையையும் விட்டார். அட்டையைத் தலையணை உறைக்குள் ஒளித்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வெள்ளி, ஜெபமாலைக்கு நடுவே அம்மா விழுந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். கூட்டத்துக்கு வந்திருந்த பத்துப் பேரும் காற்று வராமல் சூழ்ந்துகொண்டு, மல்லாக்கப் போட்டு அழுத்தினார்கள். ரெஜினா அக்கா தீர்த்த பாட்டிலைத் திறந்தார்.

"தள்ளுங்கக்கா! வாயில ஊத்தாதீங்க!" என்று கத்தினேன்.

"வந்துட்டா படிச்சவ! பேசாம வேண்டிக்கடி."

அப்படிச் சொல்லிக்கொண்டே ரெஜினா அக்கா தீர்த்தத்தை அம்மாவின் வாயில் கவிழ்த்தார். அது நுரையீரலுக்குள் போனது. அம்மாவின் உதடு நீலமானது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "மூளைக்கு எவ்ளோ நேரம் ஆக்சிஜன் போகலன்னு தெரியலம்மா. கண்ணு முழிச்சாலும் உன்ன அடையாளம் தெரியுமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வராந்தாவில் முழங்காலிட்டேன். வெளியே ரெஜினா அக்கா ஊற்றிய அதே கையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். "இவங்க மூஞ்சில கரியப் பூசு ஆண்டவரே." இரண்டு நாள் இதுதான் என் ஜெபம். மூன்றாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். என் படிப்பும் கோபமும் எதற்கும் உதவவில்லை. "என் அம்மாவ எங்கிட்ட குடு. வேற ஒண்ணும் கேக்கல" என்று அழுதேன்.

அன்று மாலை நர்ஸ் கூப்பிட்டார். அம்மா கண் விழித்திருந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன்டி தலைய வாராம பிசாசு மாதிரி நிக்கற?"

அங்கேயே தரையில் விழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

"பாத்தியா, தீர்த்தம் வேல செஞ்சிடுச்சி" என்றார் ரெஜினா அக்கா. அவரை மன்னிக்கும் மனதைத் தினமும் கேட்கிறேன். இன்னும் வரவில்லை.

முன்பு கோயிலுக்கு அம்மாவுக்குத் துணையாக மட்டும் போவேன். இப்போது எனக்காகப் போகிறேன். அம்மா சிலுவை போட்டுவிட்டு மாத்திரையை விழுங்குகிறார். நீங்களும் நம்பிக் கேளுங்கள், தருவார். தந்த மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு அற்புதம் கேட்டு நிற்பவர்களையும் அவர் பொறுத்துக்கொள்கிறாரே, அதுதான் நான் கண்ட பெரிய அற்புதம்.